அவனுங்களுக்கு நல்லாத்தான் கேக்குது

போன வருசம் மே தினத்துக்கு நாங்கள் போட்ட துண்டறிக்கையின் தலைப்பு: ‘செவிட்டு நிர்வாகமே, காதைத் திற!’ எழுதியவள் நான். எம்.ஏ. தமிழ் படித்தவள் என்பதால் எங்கள் வட்டாரத்தில் துண்டறிக்கை, சுவரொட்டி, கோரிக்கை மனு எல்லாம் என் தலையில்தான் விடியும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குச் சம வேலைக்குச் சம கூலி, பிடித்தம் செய்த வைப்புநிதிக்குக் கணக்கு, ரெட்டை ஷிப்டுக்கு ரெட்டைக் கூலி என்று கோரிக்கைகள். ஆயிரம் பிரதி அடித்தோம். மீந்துபோன கட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. எங்கப்பா அதில் ஒன்றை உருவி எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆறாம் வகுப்போடு நின்றவர். படித்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, செவிடன்னா கெட்டவனா? செவிடன் நான்தான? அவனுங்களுக்கு நல்லாத்தான் கேக்குது.”

எனக்குப் பதில் வரவில்லை. வந்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. எங்கப்பா ஒரு அனல்மின் நிலையத்தில் 1992லிருந்து 2018 வரை 26 வருசம் ஒப்பந்தக் கூலியாக உழைத்தவர். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒன்று மட்டும் குற்றவாளி, மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

அப்பா கேட்டதற்கு நான் எழுதும் பதில் இது. வெறும் அப்பா கதை இல்லை, நம் எழுத்தின் மீதான விமர்சனம். இலக்கியம் என்று நாம் கொண்டாடுவதையும், துண்டறிக்கை என்று நாம் அடிப்பதையும், கம்பெனி ஆஸ்பத்திரியில் எழுதித் தரும் சீட்டையும், சட்டத்தின் அட்டவணையையும் ஒரே வரிசையில் வைத்துப் படிக்கப் போகிறேன். எல்லாமே பிரதிதான். எல்லாவற்றுக்குள்ளும் ஒரு காது இருக்கிறது. யாருடைய காது என்பதுதான் கேள்வி.

1

தமிழில் கேள்வி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். காதால் கேட்டு அறிவது ஒன்று, எதிர்த்து வினவுவது இன்னொன்று. முதல் பொருளுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். காதால் வரும் செல்வமே எல்லாச் செல்வத்துக்கும் தலை என்கிறார். கேள்வியறிவால் துளைபடாத காது, ஓசை கேட்டாலும் கேளாத காதுதான் என்கிறார். வகுப்பில் இதை நடத்தும்போது ஆசிரியர்கள் உருகுவார்கள். நானும் உருகியிருக்கிறேன். இப்போது அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. உடம்பில் ஏற்பட்ட ஒரு சேதத்தை அறிவுக்குறைவின், ஒழுக்கக்குறைவின் பெயராக மாற்றும் வேலை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்கிறோம். அந்தப் பழமொழி ஊதியவனின் வீணாய்ப்போன மூச்சுக்குத்தான் வருத்தப்படுகிறது. செவிடன் ஏன் செவிடானான் என்று அது கேட்டதே இல்லை.

யார் காது எதைக் கேட்கலாம் என்பதற்கும் இந்த நாட்டில் சட்டம் இருந்தது. வேதத்தைக் காதில் வாங்கிய சூத்திரனின் காதில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். அம்பேத்கர் 1946ல் வெளியிட்ட ‘சூத்திரர்கள் யார்?’ நூலில் இந்த மாதிரி விதிகளையெல்லாம் அடுக்கிக் காட்டுகிறார். நம் மேடைகளில் இது பேசப்படாத கூட்டம் இல்லை. கைதட்டல் நிச்சயம். ஆனால் ஈயத்தைப் பற்றி முழங்கிவிட்டு இறங்குகிற தோழர், முதல் வரிசையில் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்ப்பதில்லை. அந்த ஆளின் காதில் ஊற்றியது என்ன என்று விசாரிப்பதில்லை. ஈயம் நமக்கு உருவகமாகிவிட்டது. உருவகமானதும் வலி போய்விடுகிறது.

புறநானூற்றில் 194ஆம் பாட்டு, பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. இதற்கு உரை எழுதியவர்கள் நிலையாமை என்றார்கள், வாழ்க்கைத் தத்துவம் என்றார்கள். ராத்திரி முழுக்க அந்தப் பறையை அடித்தவனின் காது விடிந்தபோது எப்படி இருந்தது என்று கேட்ட உரை ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. தள்ளி நின்று கேட்பவனுக்குத் தத்துவம். அடிப்பவனுக்கு இரைச்சல். தமிழ் இலக்கிய மரபு தள்ளி நின்றவனின் காதைத்தான் தன் காதாக வைத்துக்கொண்டது.

2

சரி, அது பழசு. தொழிலாளியை எழுத வந்த இலக்கியம் என்ன செய்தது?

குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953ல் நெசவாளியைக் கதாநாயகனாக்கியது. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ 1979ல் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனது. டி. செல்வராஜின் ‘தோல்’ 2010ல் திண்டுக்கல் தோல்ஷாப்புக்குள் நுழைந்தது. பி.எச். டேனியல் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்தவர். தான் பார்த்ததை 1969ல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். அதை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். தோட்டத்துச் சம்பளம் வாங்கிய ஒரு டாக்டர் தோட்டத்துக்கு எதிராகச் சாட்சி சொன்ன புத்தகம் அது. டாக்டர் என்றால் இப்படியும் இருக்க முடியும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த எழுத்துகளெல்லாம் பசியை எழுதின. புண்ணை, காய்ச்சலை, கடனை, துப்பாக்கிச்சூட்டை எழுதின. நான் படித்த வரையில் இரைச்சலை எழுதவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். காது போவது கதைக்கு உதவாத சாவு. ரத்தம் வராது, சீழ் வராது, ஒரு நாளில் நடக்காது. கை துண்டானால் அது சம்பவம், போராட்டம் நடக்கும், அத்தியாயம் முடியும். காது பத்துப் பதினைந்து வருசத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. போனது போனவனுக்கே தெரியாது. நம் கதைகூறும் முறையே சம்பவத்தை நம்பி நிற்பதால் சம்பவம் இல்லாத சேதம் அதன் கண்ணில் படவில்லை.

இன்னொரு காரணம் இன்னும் கசப்பானது. இயந்திரத்தின் சத்தத்தை நம் இயக்கக் கவிதைகள் தாளம் என்றும், முரசு என்றும், வரப்போகும் காலத்தின் கர்ஜனை என்றும் கொண்டாடின. மின்சாரம் என்றால் முன்னேற்றம், முன்னேற்றம் என்றால் பேரோசை. பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றவன் எழுதிய வரிகள் இல்லை அவை, கேட்டுக்கு வெளியே நின்று கேட்டவர்கள் எழுதியவை. நன்கணியாருக்கு நேர்ந்ததுதான் இவர்களுக்கும் நேர்ந்தது.

தலித் எழுத்துக்கு வருவோம். 1992ல் பாமாவின் ‘கருக்கு’, 1993ல் ராஜ் கௌதமனின் ‘தலித் பண்பாடு’, 1994ல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. அந்தப் பத்தாண்டு இல்லையென்றால் நான் இல்லை, இந்த மாதிரிப் பத்திரிகையும் இல்லை. நாம் சேரியை எழுதினோம், வயலை எழுதினோம், பள்ளிக்கூடத்தை, மாதா கோயிலை, துணி வெளுக்கும் துறையை எழுதினோம். ஆனால் ஆலைக்குள் போன தலித்தைத் ‘தொழிலாளி’ என்று சொல்லி இடதுசாரிகளிடம் விட்டுவிட்டோம். அவர்கள் அவனை ‘வர்க்கம்’ என்று எழுதிவிட்டுச் சாதியை கேட்டிலேயே நிறுத்தினார்கள். எங்கப்பா மாதிரி ஆட்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் விழுந்தார்கள்.

3

அவர் நின்ற இடத்தைச் சொல்கிறேன். அனல்மின் நிலையம் என்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புகைபோக்கி. உள்ளே இருப்பவர்களுக்கு அது முழுக்க முழுக்கச் சத்தம். நிலக்கரியை உடைக்கிற கிரஷர். கன்வேயர் பெல்ட். கரியை மாவாக்குகிற மில். காற்றைத் தள்ளுகிற, புகையை இழுக்கிற ராட்சச விசிறிகள். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப். கம்ப்ரஸர். டர்பைன். பாய்லரில் அழுத்தம் மீறினால் சேஃப்டி வால்வ் திறந்து நீராவி பீறிடும், அந்த நேரம் பக்கத்தில் நின்றவனுக்கு நெஞ்சுக்கூடே அதிரும்.

பால் மில் என்பது பெரிய இரும்பு உருளை. உள்ளே டன் கணக்கில் இரும்பு உருண்டைகள். உருளை சுற்றச் சுற்ற உருண்டைகள் ஏறி ஏறி விழுந்து கரியை இடிக்கும். அப்பா அதைச் சொல்வார்: “அதுவும் ஒரு பறதாம்மா. நிறுத்தாத பற.”

கன்ட்ரோல் ரூமுக்குக் கண்ணாடி உண்டு, ஏசி உண்டு, கதவு சாத்தினால் பேச்சு கேட்கும். மில்லுக்கு அடியில் சிந்திய கரியை அள்ளுகிறவனுக்கும், சாம்பல் குழாய் அடைப்பை எடுக்கிறவனுக்கும் கதவும் இல்லை, சாத்தலும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார், இந்தப் பக்கம் யார் என்று நான் போய்ப் பார்த்த இடங்களில் ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் கேட்டாலே போதும், தெரிந்துவிடும். நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பிரிவினைக்குள்ளே ஊரும் சேரியும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

இனி கணக்கு. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வைத்த எல்லை எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல். 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம், 105 என்றால் ஒரு மணி நேரம், 115ஐத் தாண்டக் கூடாது. மில், விசிறி, டர்பைன் பக்கமெல்லாம் 90ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். டெசிபல் நாம் கூட்டிக் கழிக்கிற கணக்கு இல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. 85க்கும் 90க்கும் வெறும் ஐந்துதானே வித்தியாசம் என்று தோன்றும், ஆற்றலில் மூன்று மடங்குக்கும் மேல். அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் எட்டு மணி நேரத்துக்கு 85தான் என்று பரிந்துரைக்கிறது. அதன் கணக்குப்படி 95 டெசிபலில் ஒருவன் நிற்கலாகும் நேரம் ஏறத்தாழ 47 நிமிடம். நம் கணக்குப்படி 4 மணி நேரம். அமெரிக்கச் சட்டத்தின் எல்லையும் 90தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அங்கே 85ஐத் தொட்டாலே காதுப் பரிசோதனை கட்டாயம். ஐரோப்பாவில் 2003ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, காதில் போட்ட அடைப்பானையும் சேர்த்துக் கணக்கிட்டு, உச்சவரம்பு 87.

இந்தக் கணக்கெல்லாம் எட்டு மணி நேரம் வேலை, மீதி நேரம் காதுக்கு ஓய்வு என்ற நினைப்பில் போட்டது. ஒப்பந்தக் கூலிக்கு ரெட்டை ஷிப்ட். ஆள் வரவில்லை என்றால் அங்கேயே அடுத்த ஷிப்ட். அப்பாவின் காதுக்கு ஓய்வு என்பது ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. காதில் வைக்க எதுவும் கொடுத்தார்களா என்று கேட்டேன். மெஷின் துடைக்கிற காட்டன் வேஸ்டைப் பிய்த்து உருட்டி வைத்துக்கொள்வார்களாம். அது மனசுக்குத்தான் அடைப்பு. சத்தம் அதில் தாராளமாகப் புகுந்து போகும்.

புகுந்த சத்தம் என்ன செய்கிறது? உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஓர் உறுப்பு. அதில் ஒரு காதுக்கு 15,000 சொச்சம் மயிர்க்கால் செல்கள். ஒலியை நரம்புக்கு மாற்றிக் கொடுப்பவை அவை. சத்தத்தில் அடிபட்டுச் செத்தால் மனுசனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சு ஓசைகள், 4000 ஹெர்ட்ஸ் பக்கம். அப்புறம் பள்ளம் இரண்டு பக்கமும் விரியும்.

இங்கேதான் என் எம்.ஏ. தமிழ் எனக்கு முதன்முறையாக உபயோகப்பட்டது. பேச்சில் உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அலைவரிசையில் பலமாக இருக்கிறது. ம, ந, ல, ர போன்ற மெல்லினமும் இடையினமும் பெரும்பாலும் அதனோடு சேர்ந்து தப்பிக்கின்றன. க, ச, த, ப என்ற வல்லினம்தான் உயர்ந்த அலைவரிசையில், மெலிந்த ஓசையோடு, ஒரு வெடிப்பாக வந்து போகிறது. முதலில் கேட்காமல் போவது அதுதான். ‘பத்து’ என்றால் அது பத்தா, கத்தா, தத்தா என்று தெரியாது. வல்லினம் என்று பெயர் வைத்தோம், காது போகும்போது அதுதான் ஆகப் பலவீனம். தொல்காப்பியம் உயிர் என்றும் மெய் என்றும் பிரித்தது. இரைச்சலும் அதே பிரிவினையில்தான் வேலை செய்கிறது. உயிரை விட்டுவிட்டு மெய்யை எடுத்துக்கொள்கிறது. எங்கப்பாவுக்கு நான் பேசுவது கேட்கிறது. என்ன பேசுகிறேன் என்பதுதான் கேட்பதில்லை.

அண்ணன் பேசினால் கொஞ்சம் புரிகிறது, கட்டைக்குரல். அம்மாவும் நானும் பேசினால் புரிவதில்லை. பொம்பளைக் குரலும் குழந்தைக் குரலும் இந்தக் காதுக்கு முதலில் தூரமாகின்றன. இது தெரியாமல் இருபது வருசம் எங்கள் வீட்டில் சண்டை. “பையன் சொன்னா கேக்குது, நான் சொன்னா மட்டும் இந்த ஆளுக்குக் காது அடைச்சிக்கிது” என்று அம்மா அழுதிருக்கிறாள். நான் அதை ஆணாதிக்கம் என்று புரிந்துகொண்டு அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த வருசங்கள் உண்டு. ஆணாதிக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் பாதியை மில் எங்கள் வீட்டுக்குள் அனுப்பி வைத்திருந்தது என்று தெரிய எனக்கு முப்பது வயசானது.

வெளியே கேட்காத காதுக்குள் ஒரு சத்தம் மட்டும் விடாமல் கேட்கிறது. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். “காதுக்குள்ள ஷிப்ட் முடியவே இல்லம்மா” என்பார்.

4

இப்போது என் விமர்சனத்துக்கு மையமான பிரதிக்கு வருகிறேன். அது ஒரு பக்கச் சீட்டு. 2016ல் அப்பா காது கேட்கவில்லை என்று மருத்துவப் பிரிவுக்குப் போனபோது எழுதியது. டாக்டர் முதலில் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். ஊர் பெயரைச் சொன்னதும், “ஊரா, காலனியா?” அடுத்த கேள்வி: “உங்க ஆளுங்க மேளம் அடிப்பீங்க இல்ல?” எங்கப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “சின்ன வயசுல அடிச்சிருக்கன் சார். பதினாறு வயசுல விட்டுட்டன்” என்றிருக்கிறார்.

சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் தமிழ் இது: பரம்பரைத் தொழில் பறையடித்தல். காது கேளாமை அதனால் இருக்கலாம்.

இரண்டு வாக்கியம். தமிழில் நான் படித்த எந்த நாவலைவிடவும் இதற்கு அடர்த்தி அதிகம்.

பதினாறு வயசில் அவர் பறையை ஏன் விட்டார்? ஊர்ச்சாவு ஒன்றுக்கு ஆள் அனுப்பினார்கள். தாத்தாவுக்குக் காய்ச்சல். அப்பாவைப் போகச் சொன்னார்கள். “இனிமே நான் அடிக்க மாட்டன்” என்று சொல்லிவிட்டு அவர் செங்கல்சூளைக்கு ஓடிப்போனார். அதற்காகத் தாத்தா ஊர்ப் பஞ்சாயத்தில் கைகட்டி நின்றார். எங்கள் குடும்பத்தில் முதல் கலகம் அது. அங்கிருந்துதான் அவர் அனல்மின் நிலையத்துக்கு வந்தார். சாதித் தொழிலை உதறிவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு, கேட் பாஸோடு வேலைக்குப் போனார். 26 வருசம் உழைத்தார். கடைசியில் ஒரு பேனா அந்த 26 வருசத்தை அடித்துவிட்டு, பதினாறு வயசில் அவர் உதறியதைத் திரும்ப அவர் கழுத்தில் மாட்டியது.

‘தொழில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தொழில்நோய் என்று நிரூபிக்கத் தொழில் வேண்டும். அவர் பார்த்த வேலை தொழில் இல்லையாம், அது ‘ஒப்பந்தம்’. அவர் விட்ட வேலைதான் தொழிலாம், அது ‘பரம்பரை’. சாதி என்பது வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்து வைக்கும் பிரிவினை என்று அம்பேத்கர் 1936லேயே எழுதினார். சாதி அமைப்பில் ஒருவனின் தொழில் அவன் கையில் இல்லை, அவன் பிறந்த தெருவில் இருக்கிறது. டாக்டர் கெட்ட எண்ணத்தில் எழுதினாரா, பழக்கத்தில் எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. பேனா பழக்கத்தில் ஓடியிருந்தால் அது இன்னும் பெரிய ஆபத்து.

மருத்துவமாகப் பார்த்தாலும் அது நிற்காது. சத்தத்தால் ஏற்படும் கேளாமை, சத்தத்தைவிட்டு விலகிய பிறகு பொதுவாக மேற்கொண்டு பெருகுவதில்லை. 1984ல் பறையை விட்டவருக்கு 2005க்கு மேல் காது மங்கினால் காரணம் பறை ஆகாது. வேலையில் சேர்ந்த அன்றே காதைச் சோதித்து ஒரு வரைபடம் எடுத்து வைத்திருந்தால் இந்தப் பொய் ஒரு நிமிசம் தாங்காது. எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டதையே சாட்சியாக்கினார்கள்.

இரைச்சல் காதைக் கெடுக்கும் என்பது புதுசாகக் கண்டுபிடித்ததும் இல்லை. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700ல் புத்தகம் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாஸினி, வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர்கள் காது மங்கிப்போவதை எழுதிவிட்டார். 1886ல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் நூறு பாய்லர் தொழிலாளிகளைச் சோதித்தார். ஒருத்தருக்குக்கூடக் கேட்பு சரியாக இல்லை. அந்தக் கேளாமைக்குப் பாய்லர்காரர் காது என்றே பெயர் விழுந்தது. அங்கே நோய்க்கு வேலையின் பெயர். இங்கே நோய்க்குச் சாதியின் பெயர்.

சட்டப் பிரதிகளையும் பார்த்துவிடலாம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களில் இரைச்சலால் வரும் கேளாமை இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்கு வந்திருக்கும் 2020 சட்டத்தொகுப்பின் அட்டவணையிலும் இருக்கிறது. அதாவது எழுத்தில் குறையில்லை. 1923ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டமும் இரைச்சல் கேளாமையைத் தொழில்நோய் என்று ஒத்துக்கொண்டது. ஆனால் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு வரி வைத்தது. அப்பாவுக்கு 26 வருசத்தில் ஒன்பது கான்ட்ராக்டர். மில் அதேதான், சத்தம் அதேதான், கேட் பாஸில் பெயர் மட்டும் மாறும். தொடர்ச்சியாக இருந்தது இரைச்சல் ஒன்றுதான். அதற்குக் கேட் பாஸ் கிடையாது.

மாற்றுத்திறனாளி சான்றிதழாவது கிடைக்குமா என்று அலைந்தோம். 2016 சட்டப்படி பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால் கேட்புக் குறைவு, 70 என்றால் கேளாமை. இரைச்சல் முதலில் அடிப்பது அந்த அலைவரிசைகளுக்கு மேலே. வல்லினம் முழுக்கப் போன ஆள் சராசரிக் கணக்கில் தேறிவிடுகிறார். அப்பா ‘தேறிவிட்டார்’.

நிலக்கரி அனல்மின் நிலையத் தொழிலாளர்களின் உடல்நலத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம்வரை ஒரு பொதுநல வழக்கு போனது. 2014 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அந்தந்த மாநில உயர்நீதிமன்றங்கள் கவனிக்கட்டும் என்று அனுப்பினார்கள். அதற்குள் நிலையங்களே மூடப்படத் தொடங்கிவிட்டன. 1970ல் ஓட ஆரம்பித்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ல் மூடப்பட்டது. 1962ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய நெய்வேலி முதல் நிலையம் 2020ல் மூடப்பட்டது. மெஷினைப் பழைய இரும்புக்கு எடைபோடலாம். இப்படி மூடும் நிலையங்களுக்குள் வருசக்கணக்கில் நின்றவர்களின் காதை எந்தத் தராசில் வைப்பது?

கடைசியாக ஒரு பிரதி, மில் வாசலில் தொங்கும் பலகை: ‘காதுக் கவசம் அணியவும்’. இலக்கணம் படித்தவள் கேட்கிறேன், அணிய வேண்டியவன் யார் என்று தெரிகிறது, கொடுக்க வேண்டியவன் எங்கே? ‘வழங்கப்படும்’ என்ற வினை எந்தப் பலகையிலும் இல்லை. சத்தத்தை அது பிறக்கும் இடத்தில் அடக்குவதுதான் முதல் வேலை. மெஷினுக்கு உறை போடலாம், நீராவிக் குழாய்க்குச் சைலன்ஸர் வைக்கலாம், தேய்ந்த பேரிங்கை நேரத்துக்கு மாற்றலாம், ஆளை மாற்றி மாற்றி நிறுத்தலாம். இதெல்லாம் செய்தும் மீதி இருக்கும் சத்தத்துக்குத்தான் காதடைப்பான். இங்கே கடைசியில் வரவேண்டியதை முதலில் எழுதி, அதையும் தொழிலாளியின் கடமையாக எழுதி, பலகையோடு முடித்துக்கொள்கிறார்கள்.

5

டாக்டரைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. என் துண்டறிக்கையும் அந்தச் சீட்டும் ஒரே மொழியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அவர் கேளாமையைச் சாதிக்கு ஒட்டினார். நான் கேளாமையை அயோக்கியத்தனத்துக்கு ஒட்டினேன். ‘குருட்டுச் சட்டம்’, ‘ஊமைச் சமூகம்’, ‘நொண்டிச் சாக்கு’, ‘செவிட்டு அரசு’ என்று நம் பத்திரிகைகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும். சாதிப் பெயரை வசவாக்கினால் கொதிக்கிற நாம், உழைத்து உழைத்துச் சேதமான உடம்பை வசவாக்குகிறோம். அந்த உடம்பு பெரும்பாலும் நம்முடையதே என்று தெரியாமல் ஆக்குகிறோம். இது பேச்சுநாகரிகப் பிரச்சினை மட்டும் இல்லை, அரசியல் பிழை. நிர்வாகம் செவிடு என்றால் அதற்குக் கேட்கவில்லை என்று ஆகிறது. கேட்கவில்லை என்றால் குற்றமில்லை. எங்கப்பா சொன்னது அதைத்தான். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனின் காது பத்திரமாக இருக்கிறது. அவனுக்கு எல்லாம் கேட்கிறது. கேட்டும் செய்யாமல் இருக்கிறான்.

பறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அடிக்க மாட்டோம் என்பது ஒரு விடுதலை, நமக்காக அடிப்போம் என்பது இன்னொரு விடுதலை என்று தொண்ணூறுகளிலிருந்து பேசி வருகிறோம். இரண்டும் எனக்குச் சம்மதம். என் சித்தப்பா மகன் பறைக்குழுவில் இருக்கிறான். ஒருநாள் ஒத்திகைக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். முப்பது வருசத்துக்கும் மேல் தள்ளி நின்றவர், கிட்டப்போய் உட்கார்ந்தார். அடிக்குச்சி விழும் ஓசை அவருக்குக் கேட்டது, தலையை ஆட்டினார். மெல்லிய சிண்டுக்குச்சியின் சத்தம் கேட்கவில்லை. “ஏன் ஒரு கையில மட்டும் அடிக்கிறானுங்க?” என்று கேட்டார். பையன்கள் இரண்டு கையாலும்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒத்திகை நடந்தது தகரக்கூரை போட்ட மூடின கூடத்தில். பன்னிரண்டு பறை. மூன்று மணி நேரம். ஒருத்தன் காதிலும் ஒன்றும் இல்லை. டாக்டரின் பொய்யை எதிர்க்கிறோம் என்பதற்காகப் பறை காதை ஒன்றும் செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். செய்யும். அடிக்கிற பிள்ளைகளின் காதையும் விடுதலைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். திறந்த வெளியில் ஒத்திகை வைக்கலாம், இடைவெளி விடலாம், காதடைப்பான் வாங்கலாம். நாமே செய்யாததைக் கம்பெனியிடம் கேட்க முடியாது.

எழுதுகிற தோழர்களிடம் நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. உங்கள் தெருவில் மில்லுக்கும் சூளைக்கும் கிரஷருக்கும் நூற்பாலைக்கும் போய் வந்தவர்கள் இருப்பார்கள். பேசும்போது உங்கள் உதட்டையே பார்ப்பார்கள், தப்பான இடத்தில் சிரிப்பார்கள், கூட்டத்தில் பேசாமல் இருப்பார்கள். திமிர் என்றும் மந்தம் என்றும் ஊர் சொல்லும். அவர்களோடு உட்காருங்கள். எதிரில் முகம் தெரியும்படி உட்கார்ந்து, கத்தாமல், மெதுவாகப் பேசுங்கள். எத்தனை வருசம், எந்த மெஷின், எத்தனை கான்ட்ராக்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள். சாட்சியம் என்றால் கண்ணால் கண்டது மட்டும் இல்லை.

இந்த வருசத் துண்டறிக்கையில் ‘செவிட்டு’ இல்லை. ‘எல்லாம் கேட்கும் நிர்வாகமே, பதில் சொல்!’ என்று போட்டோம். வேலையில் சேரும்போதும் வருசா வருசமும் காதுப் பரிசோதனை, அறிக்கையின் நகல் தொழிலாளி கையில், கான்ட்ராக்டர் மாறினாலும் நிலையத்தின் பெயரிலேயே பணிக்காலம், சத்தத்தை மெஷினிலேயே அடக்குவது என்று நான்கு கோரிக்கைகள். அப்பாவிடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார்.

“எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிசா போட்டிருக்கலாம்மா” என்றார்.

அடுத்த தடவை பெரிசாகப் போடுவோம்.